பாவித்த ஐபோன்: எக்ஸ்ஆரா, 11ஆ?

கொழும்பில் புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ பழைய ஐபோன் தேடுகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டுக்கும் 6.1 அங்குல எல்சிடி திரை, இரண்டிலும் 5ஜி கிடையாது.

மென்பொருள்
எக்ஸ்ஆர் (2018): ஐஓஎஸ் 18 உடன் நின்றுவிட்டது.
11 (2019): ஐஓஎஸ் 26 (18க்கு அடுத்து வந்த பதிப்பு) ஏறும். வங்கிச் செயலிகளை நம்பியிருப்பவர்களுக்கு இதுவே பெரிய காரணம்.

பற்றறி
இரண்டிலும் பழையதுதான். கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். 100 என்று காட்டினால் மகிழ வேண்டாம், மாற்றிய பற்றறியாக இருக்கலாம்.

திரை
எக்ஸ்ஆர்: மாற்றிய திரையை அமைப்புகள் காட்டிக்கொடுக்காது. சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்பத் திரை நிறத்தை மாற்றும் 'ட்ரூ டோன்' காணாமல் போயிருந்தால் சந்தேகப்படுங்கள்.
11: அமைப்புகள், பொது, அறிமுகம் பகுதியில் அசல் அல்லாத திரை தெரிந்துவிடும். ஆனால் 2019 நவம்பர் முதல் 2020 மே வரை தயாரானவற்றில் சிலவற்றுக்குத் தொடுதிரைக் கோளாறு உண்டு. ஒரு செயலிச் சின்னத்தை அழுத்திப் பிடித்து, மூலைக்கு மூலை மெதுவாக இழுங்கள். விரலை எடுக்காமலே சின்னம் நடுவில் விடுபட்டு விழுந்தால் வாங்காதீர்கள்.

நீர்
நீர், தூசு தாங்கும் தர எண்: எக்ஸ்ஆர் ஐபி67, 11 ஐபி68. ஒருமுறை திறந்து, புதிய பசை ஒட்டாமல் மூடியிருந்தால் இரண்டும் வெறும் எண்கள்தான்.

அழைப்பு, வாட்ஸ்அப், ஓரிரு வருடம் போதும் என்றால் எக்ஸ்ஆர். அதற்கு மேல் வைத்திருக்க 11தான். எதுவானாலும் காசு கொடுக்கும் முன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, IMEI என்று தட்டி ஓர் இடைவெளி விட்டுப் பின்னால் எழுதி, 1909க்குக் குறுஞ்செய்தியில் அனுப்பி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பாருங்கள்.