9 வருஷமா ஓடுற சோலார் வாட்டர் ஹீட்டர், உப்புத் தண்ணி வீட்டுக்காரங்க பாத்து வாங்குங்க

கோயமுத்தூர்ல எங்க வீட்டு மொட்டை மாடில 150 லிட்டர் ட்யூப் மாடல் போட்டு 9 வருஷம் ஆச்சு. 15 கண்ணாடி ட்யூப், உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க். மொத மூணு வருஷம் ஒரு குறையும் இல்லீங்க, மார்கழி குளிர்ல விடியக்காலைல அம்மா குளிக்கறப்ப கூட விளாவி தான் ஊத்தணும், அவ்ளோ சூடு.

நாலாவது வருஷம் தண்ணி வெதுவெதுப்பா வர ஆரம்பிச்சுது. வித்த கடைக்கு போன் பண்ணா வெயில் கம்மின்னு சொல்றாங்க, அதுவும் சித்திரைல, எனக்கு வந்துச்சே கோவம். அப்பறம் தெரிஞ்ச பிளம்பர் அண்ணன் ஒருத்தர் வந்து ஒரு ட்யூப்ப கழட்டி கவுத்தாரு, முட்டை ஓட்ட நொறுக்கி போட்ட மாதிரி வெள்ளையா உப்பு பொலபொலன்னு கொட்டுது, அடில ஒரு சாணுக்கு கட்டி நின்னுருக்கு. எங்களுக்கு மேல் டேங்குக்கு ஏறறது போர் தண்ணி தான், ஆனா வாங்கறப்ப என்ன தண்ணின்னு ஒருத்தரும் கேக்கல. டேங்க்ல மெக்னீசியம் அனோடு ராடுன்னு ஒண்ணு இருக்கு, டேங்க் அரிக்காம இருக்க அது தான் கரையும்னு அன்னைக்கு தான் தெரியும், கழட்டி பாத்தா வெறும் கம்பி தான் மிச்சம். உடனே புதுசு மாத்துனோம்.

அதுல இருந்து வருஷா வருஷம் ஆயுத பூஜை லீவுல கழுவிடறோம். வெயில் ஏறறதுக்குள்ள செய்யணுங்க, காலி ட்யூப் காஞ்சு கெடக்கறப்ப பச்சத்தண்ணி விட்டா பட்டுனு வெடிச்சுரும், எங்களுக்கே ஒண்ணு போச்சு. ட்யூப்ல வினிகர் ஊத்தி ஊற வெச்சா உப்பு விட்டு வந்துரும். ட்யூப் டேங்க்ல சொருகற எடத்துல இருக்க ரப்பர் ரிங் காஞ்சு போச்சுன்னா சொட்டு சொட்டா ஒழுகும், அத மாத்திருங்க. ட்யூப் அடில கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கற பூச்சு பால் வெள்ளையா மாறிட்டா ட்யூபோட ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்தில்லாம இருக்கற வேக்குவம் போச்சுன்னு அர்த்தம், அந்த ட்யூப் இனி சூடு புடிக்காது. மேல நிக்கற ஏர் வென்ட் பைப் அடைக்காம இருக்கான்னும் பாத்துக்கங்க, அடைச்சா டேங்க்கே கெட்டுரும்.

கண்ணாடி ட்யூப் இல்லாம தட்டையா பெட்டி மாதிரி இருக்கற பிளாட் பிளேட் மாடல்ல காப்பர் குழாய் ரொம்ப சின்னது, உப்புத் தண்ணிக்கு சீக்கிரம் அடைச்சுக்கும், நல்ல தண்ணி வர்றவங்க தாராளமா அத வாங்கலாம். எங்க டேங்க் இன்னும் பழசே தான், ட்யூப் மட்டும் மூணு மாத்திருக்கோம், திரும்ப வாங்கினாலும் ட்யூப் மாடல் தான் வாங்குவேன். கடைல அனோடு எந்த பக்கம் இருக்குன்னு கேட்டு, கையால தொட்டு பாத்துட்டு பணம் குடுங்க.