நான்கு கிலோ இரும்புக் குண்டு: வாங்கலாமா?

ஹட்டனிலுள்ள விளையாட்டுப் பொருள் கடையொன்றில் எமது தோட்டப் பாடசாலை மாணவிகளின் குண்டெறிதல் பயிற்சிக்காக வாங்கிய இக்குண்டு, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சீன வீராங்கனை கொங் லிஜியாவோ 20.58 மீற்றர் எறிந்து தங்கம் வென்ற குண்டின் அதே 4 கிலோ எடையைக் கொண்டது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் களமிறங்கிய அவர், 2017இல் இலண்டனிலும் 2019இல் டோஹாவிலும் உலகச் சம்பியனான பின்னரே அத்தங்கத்தை எட்டினார் என்பதை மாணவிகள் அறிந்திருப்பது, எனது எண்ணத்தில், பயிற்சியின் ஓர் அங்கமே.

பெண்களுக்கான குண்டின் விட்டம் 95 முதல் 110 மில்லிமீற்றர் வரை அமையலாம். இது சிறியதாதலால் விரல்களின் அடிப்பகுதியில் உறுதியாக அமர்கிறது. வழவழப்பான மேற்பூச்சு மட்டும் மலைநாட்டு மழையில் வழுக்குகிறது. துடைத்து எண்ணெய் பூசிவைக்காவிடின் துருவும் ஏறும். மூத்த மாணவிகளுக்குத் தயங்காமல் வாங்கலாம். இளையவர்கள் 3 கிலோ குண்டில் தொடங்குவதே நலம்.