நிற்கிற காரா, பறக்கிற காரா: இருங்காட்டுக்கோட்டையில் மூன்று கார்கள்

மூன்றில் எது வேகம் என்றால் பதில் ஒரே வார்த்தைதான்: பிஎம்டபிள்யூ. அதைத் தெரிந்துகொள்ளக் கிருஷ்ணகிரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தய டிராக் வரைக்கும் போக வேண்டியதில்லை, தாளில் இருக்கிற எண்களே சொல்லிவிடும். நாங்கள் போனது வேறு காரணத்துக்காக. காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் தொழில் செய்யும் நண்பர், இந்த சீசன் கணக்கு முடிந்ததும் பழைய கார் ஒன்று வாங்கப் போகிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை டிராக்கில் ஓட்டணும். மிச்ச நாளெல்லாம் தோப்புக்கும் தர்மபுரிக்கும் பெங்களூருக்கும் அதிலேயே போய் வரணும். அபார்த் புன்டோ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, பிஎம்டபிள்யூ எம்340ஐ என்று மூன்று பெயர் வைத்திருந்தார். இந்த மூன்றும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிற சாமான் இல்லை, விலையிலேயே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆனால் மூன்றுமே எங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இருந்தன, ஒரே டிராக் டேயில், அதாவது நம் காரையே பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கிற நாளில், மூன்றையும் ஓட்டிப் பார்க்க வாய்த்தது. நான்காவதாக என் ஹேட்ச்பேக்கும் வந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அன்றைக்கு அதில் நடந்த கூத்துக்குப் பொறுப்பு நான்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பாலக்கோட்டில் இருக்கும் தாய்மாமாவிடம் போனில் பேசினேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கிளீனராக இருந்த 1980-களில் சோழவரத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்ததை இன்றைக்கும் சொல்லுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எவ்ளோ வேகம் போவுதுன்னு பாக்கறது இருக்கட்டும் மாப்ள. எது ஒழுங்கா நிக்குதுன்னு பாரு" என்றார். தொப்பூர் கணவாயை ஆயிரம் தடவை இறங்கினவர் வேறு என்ன சொல்லுவார்? தர்மபுரியிலிருந்து சேலம் போகிற அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி, டிரம் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளின் கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும்.

விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம், 200 கிலோமீட்டருக்கு மேல். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் இது. 1990-லிருந்து இயங்குகிறது, ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். தொப்பூர் மாதிரி இறக்கம் கிடையாது. ஆனால் வளைவுக்கு வளைவு வேகத்தைக் கொட்டித் தீர்க்க வேண்டியிருப்பதால், பிரேக்குக்கு அது ஒரு முடியாத கணவாய்தான்.

முதல் செஷன், வெயில் ஏறுவதற்கு முன்னால், அபார்த் புன்டோ. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், எடை சுமார் 1,200 கிலோ. 2015-ல் வந்தபோது இந்த விலைக்கு இவ்வளவு சக்தியா என்று எல்லோரும் வாயைப் பிளந்த கார். உட்கார்ந்ததும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சீட் உயரம், பெட்டிக்கடை ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி. முதல் சுற்றில் வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரத்துக்கு மௌனம், அப்புறம் திடீரென்று பின்னாலிருந்து யாரோ நெட்டித் தள்ளுகிற மாதிரி டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற கருவி) வந்து சேர்கிறது. இந்தக் காரில் வளைவு முடிந்தபின் மிதிப்பவன் தோற்றுப்போவான். வளைவின் நடுவிலேயே, இன்னும் ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போதே, மெல்ல மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். அதைப் பிடிக்க எனக்கு நாலு சுற்று ஆனது.

பிடிபட்ட பிறகு இறங்க மனசே வரவில்லை. ஸ்டியரிங் பழைய ஹைட்ராலிக் ரகம், கனமானது. முன் டயர் பிடியை இழக்கப் போகிறது என்றால் அரை நொடி முன்னாலேயே உள்ளங்கைக்குச் சேதி வந்துவிடும். கை லேசாகிறது என்றால் டயர் வழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வேகமாக நுழைந்த ஒரு வளைவில் கார் நேராகவே போகப் பார்த்தது. என் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் பதறவில்லை. "காலை எடுங்க, கையை அசைக்காதீங்க" என்றார். எடுத்ததும் மூக்கு தானாக உள்ளே வந்தது. அந்த ஒரு வளைவில் நான் கற்றது, ஐந்து வருஷம் நெடுஞ்சாலையில் ஓட்டிக் கற்காதது.

அடுத்தது எம்340ஐ. ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர், 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நான்கு சக்கர இழுவை. நூறைத் தொட 4.4 நொடி என்கிறது நிறுவனம். செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பாகங்களைப் பூட்டி உருவாக்கப்படும் கார், ஆகவே நம்மூர்ப் பிள்ளை என்றே சொல்லலாம். பிட்டை, அதாவது டிராக் ஓரத்தில் கார்கள் நிற்கிற இடத்தை, விட்டு வெளியேறி முதல் நேர்பாதையில் மிதித்தபோது என் வயிறு எங்கேயோ பின்னால் தங்கிவிட்டது. புன்டோவில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த உந்துதல், இதில் நினைக்கும்போதே வந்து நின்றது. வளைவில் தப்பாக நுழைந்தாலும் இது காட்டிக்கொடுக்காது. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி என்பதைத் தானே பார்த்துக்கொண்டு, என்னை ஒரு நல்ல ஓட்டுநர் என்று நம்பவைத்து வெளியே அனுப்பியது.

அங்கேதான் எனக்கு இடித்தது. இரண்டு சுற்று கழித்து யோசித்துப் பார்த்தால், நான் செய்த தவறு எது, சரி எது என்று எனக்கே தெரியவில்லை. இன்னொன்று எடை. 1,700 கிலோவைத் தாண்டும் வண்டி இது. மாமா சொன்னது மனசில் இருந்ததால் மதியம் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 1,200 கிலோ வண்டியை 150-லிருந்து 80-க்குக் குறைக்கும்போது பிரேக் விழுங்குகிற சக்தி சுமார் 7.5 லட்சம் ஜூல். 1,700 கிலோ வண்டி அதே நேர்பாதையில் 180 தொடும். அதை 80-க்குக் கொண்டுவர 17 லட்சம் ஜூல். எடை ஒன்றரை மடங்குகூட இல்லை, சூடு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். வேகத்தின் வர்க்கத்தில் சக்தி ஏறுவதால் வருகிற வினை. பிஎம்டபிள்யூவின் பெரிய டிஸ்க்குகள் அதைச் சலிக்காமல் தாங்கின, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சூட்டுக்கு யாரோ காசு கொடுக்க வேண்டும் இல்லையா? பிரேக் பேடுக்கும் நான்கு டயருக்கும் ஆகிற செலவை உரிமையாளர் சொன்னதும், காவேரிப்பட்டணத்து நண்பர் மனசுக்குள் அதை எத்தனை டன் தோத்தாபுரி மாம்பழம் என்று மாற்றிப் பார்த்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆக்டேவியாவைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நல்ல வெயிலில் ஓட்டினேன். அந்த வகையில் அதற்குக் கொஞ்சம் அநியாயம்தான், தார் கொதித்துக்கொண்டிருந்தது. 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர், அத்தனையும் முன் சக்கரங்கள் வழியாக. திருப்புவதும் இழுப்பதும் ஒரே சோடி டயர் என்பதால் மெதுவான வளைவிலிருந்து பேராசையோடு மிதித்தால் ஸ்டியரிங் கையை இழுக்கும், உள்பக்கச் சக்கரம் கீச்சென்று கத்தும். பொறுமையாக ஓட்டினால் அலட்டிக்கொள்ளாமல் பிஎம்டபிள்யூவுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். டிராக்கில் இதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. டிராக்குக்கு வெளியேதான் இது ஜெயிக்கிறது. 590 லிட்டர் டிக்கி. பின் சீட்டை மடித்தால் மாற்றுச் சக்கரம் நான்கு, ஜாக்கி, கருவிப்பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் உள்ளே போய்விடும். திரும்பும்போது இரவு ஆம்பூரில் பிரியாணிக்கு இறங்கிய ஐந்து பேரில், ஆக்டேவியாவில் வந்த இரண்டு பேர் மட்டும்தான் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் நடந்தார்கள்.

எங்கள் டிராக் டேயில் சுற்று நேரம் குறிக்க அனுமதி இல்லை, அதனால் நொடிக் கணக்கைக் கேட்காதீர்கள். பொதுவாக ஒன்று: வழக்கமான மோட்டார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. சுவரில் மோதினால் முழுச் செலவும் நம் தலையில். யாருடைய காரையாவது வாங்கி ஓட்டும்போது இது தொண்டையிலேயே நிற்கும். டயர் காற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் 30 வைத்தது, செஷன் முடிந்து வந்தால் 36 காட்டியது.

கடைசி செஷன் என் காருக்கு. மூன்றாவது சுற்று, நேர்பாதையின் முடிவு. பிரேக்கை மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இன்னொரு தடவை மிதித்தேன், தரையைத் தொடாத குறை. யோசிக்கவெல்லாம் நேரமில்லை. நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று கியரைத் தட்டி இறக்கினேன். எஞ்சின் அலறியது, வண்டி அகலமாகப் போய் வளைவின் ஓரக்கட்டையில் தடதடவென்று ஏறி இறங்கி நின்றுகொண்டது. "ஏறின கியர்லயே எறங்கு" என்று மாமா சொல்லிச் சொல்லி ஊறிப்போன பழக்கம்தான் காலையும் கையையும் நகர்த்தியிருக்க வேண்டும். மெதுவாக ஒரு சுற்று வந்து பிட்டில் நிறுத்தினேன். கருகின வாசனை. சூடான டிஸ்க்கோடு பேட் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. நண்பர் ஓடிவந்து, லாரிக்குக் கட்டை போடுகிற மாதிரி, டயருக்கு ஒரு கல்லை வைத்தார்.

லாரியில் நடப்பதும் இதில் நடந்ததும் ஒன்றல்ல. லாரிக்குக் காற்று பிரேக். அங்கே டிரம் சூடாகி விரிந்து லைனிங் பிடி தளர்கிறது. காரில் பிரேக் ஆயிலே கொதித்துவிடுகிறது. டாட் 4 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடலுக்கும் பேடுக்கும் நடுவில் இருப்பது வெறும் ஆவி.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். டிராக் மட்டும் என்றால் புன்டோ. 2020-க்கு மேல் ஃபியட் இங்கே புதிதாக விற்பதில்லை, பாகத்துக்கு அலைய வேண்டிவரும், ஆனாலும் அது கற்றுக்கொடுக்கிற வண்டி. ஒரே கார்தான் வேண்டும், அதிலேயே போய் ஓட்டிவிட்டு அதிலேயே வீடு திரும்பணும் என்றால் ஆக்டேவியா. பிஎம்டபிள்யூ மூன்றிலும் சிறந்த கார். அதை முழுசாக ஓட்ட எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை, அவருக்கும் வரவில்லை. இதைச் சொன்னதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். இப்போது ஓசூரில் ஒரு ஆக்டேவியாவுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்.

அந்த வாரமே ராயக்கோட்டை ரோட்டில் என் மெக்கானிக்கிடம் போய்ப் பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னேன். கடைசியாக எப்போது மாற்றினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. பழையதை ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

"இத வெச்சுக்கிட்டா அண்ணே அங்க போனீங்க?"