நட்ட பைன், தானாக முளைத்த பைன்: எந்த வகைப்பாடு தாங்கும்?

ஸ்காட்ஸ் பைன் எனும் ஊசியிலை மரம் நிற்கும் இரண்டு காடுகள். ஒன்று வரிசை பிடித்து நட்டது. மற்றொன்று தலைமுறை தலைமுறையாகத் தன் விதையிலேயே புதுப்பித்துக்கொண்டு வருவது. அண்ணாந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். குனிந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும், அதுவும் எப்போதும் அல்ல. இவற்றையும் இவற்றுக்கு இடைப்பட்ட கலவை நிலைகளையும் பிரிக்க ஐரோப்பாவில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மரத்தை வைத்துப் பெயரிடுவதைவிடத் தரையை, அதாவது அங்கே வளரும் செடிகளையும் பாசிகளையும், வைத்துப் பெயரிடுவதே சரி என்பது என் கட்சி. ஆனால் தரையைப் படிக்கும் முறைகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு.

முதல் வழி, காட்டின் பிறப்பைக் கேட்பது. யூனிஸ் எனும் ஐரோப்பிய வாழிட வகைப்பாட்டின் பழைய பதிப்பில், டைகா எனும் வடதிசை ஊசியிலைக் காட்டுப் பட்டைக்குத் தெற்கேயுள்ள ஸ்காட்ஸ் பைன் காடுகள் ஜி3.4 என்ற பிரிவில் வரும். மிகவும் செயற்கையான ஊசியிலைத் தோட்டங்கள் ஜி3.எஃப் என்ற பிரிவில் வரும். வான்படமும் வனத்துறைப் பதிவேடும் இருந்தால் மேசையிலிருந்தே வரைபடம் போட்டுவிடலாம். ஆனால் நூறாண்டு கடந்து, நெருக்கம் குறைய இடையிடையே மரங்களை வெட்டிப் பலமுறை கலைத்துவிடப்பட்டு, பாசி மெத்தை விரிந்த தோட்டத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது? அந்தக் கோட்டைக் களப்பணியாளரே தம் விருப்பப்படி கிழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பின்லாந்தின் வனவியலாளர் கயாண்டர் 1909இல் முன்வைத்த காட்டு வகைகள். மேலே எந்த மரம் நின்றாலும், மண்ணின் வளத்தைத் தரைச் செடிகள் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் வாதம். வறண்ட ஏழை மணலில் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி), சற்றுத் தேறினால் கல்லூனா புதர், அடுத்து லிங்கன்பெர்ரி, பிறகு பில்பெர்ரி ஆகிய குறும்புதர்கள், வளம் மிகுந்தால் ஆக்சாலிஸ் எனும் புளியாரை வகைச் செடி என்று படிகள் ஏறும். வகையைச் சொன்னால் மரம் எவ்வளவு வளரும் என்று கணிக்கலாம்; வனத்துறையினர் இதை விரும்புவதில் வியப்பில்லை. காட்டு மண்ணிலேயே மீண்டும் காடு வளர்க்கும் பின்லாந்தில் இது நன்றாகவே ஓடுகிறது. உழுது உரமிட்ட பழைய வயலில் பைன் நட்ட இடத்தில்தான் தடுமாறுகிறது. அங்கே தங்கிவிட்ட பாஸ்பரஸ், முள் ரூபஸையும் நெட்டில் செடியையும் வளர்த்துவிடும். செடிகள் பேசுவது நிலத்தின் இயல்பை அல்ல, பழைய விவசாயியின் கைவேலையை.

மூன்றாவது, தாவரவியலாளர் பிரவுன்-பிளாங்கே 1928இல் நூலாக வெளியிட்ட தாவரச் சமூகவியல். இதில் மாதிரிக் கட்டம் ஒன்றிலுள்ள எல்லா இனங்களையும், பாசி உட்பட, பரப்பு அளவோடு பட்டியலிடுவார்கள். பட்டியல்களை ஒப்பிட்டு, ஒரு சமூகத்துக்கே சிறப்பாக உரிய அடையாள இனங்களைக் கொண்டு வகுப்பு, வரிசை, கூட்டணி, சங்கம் என்று அடுக்குவார்கள். அமில மண்ணின் ஊசியிலைக் காடுகள் வாக்சினியோ-பைசீட்டியா வகுப்பைச் சேர்ந்தவை. அதனுள் லைக்கன் மிகுந்தது கிளடோனியோ-பைனீட்டம். பாசியும் பில்பெர்ரியும் மிகுந்தது லியூகோபிரியோ-பைனீட்டம். இயல்பான காடுகளுக்கு இதைவிடக் கூர்மையான கருவி இல்லை என்பேன்.

நட்ட காட்டில் அடையாள இனங்களே வந்து சேர்ந்திருக்காது. அங்கேதான் கருவி மழுங்குகிறது. ஓக் காடாக இருந்திருக்க வேண்டிய நிலத்தில் பைன் நட்டால், சிலர் அதைச் சிதைந்த ஓக் காடு என்பார்கள். சிலர் புதிய சங்கத்தையே படைத்துவிடுவார்கள். இரண்டாவது பழக்கம் பெயர்களைப் பெருக்கியதுதான் மிச்சம். செக் நாட்டின் கோபெட்ஸ்கியும் ஹெய்னியும் 1974இல் காட்டிய வழி எனக்கு மிகவும் நேர்மையாகப் படுகிறது. அடையாள இனம் இல்லையென்றால் சங்கத்துக்குள் திணிக்காதீர்கள். அடிப்படைச் சமூகம் என்று பெயரிட்டு, நேரே மேல்நிலைப் பிரிவோடு இணையுங்கள். வேற்று இனம் கோலோச்சினால் வருவிச் சமூகம் என்றழையுங்கள். பைனுக்குக் கீழே டெஷாம்ப்சியா புல் மட்டும் விரிந்திருந்தால் முன்னது; அமெரிக்கக் கருஞ்செர்ரி அடர்ந்திருந்தால் பின்னது. இல்லாததை இருப்பதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது கணினி வழி. மார்க் ஹில் 1979இல் தந்த ட்வின்ஸ்பான் நிரல், தரவை இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போகும். வேகமானது, பாரபட்சம் அற்றது போலத் தோன்றும். ஆனால் நட்ட காட்டுக் கட்டங்களைக் கூடுதலாகச் சேர்த்தால் கோடுகள் இடம் மாறிவிடும். எண்முறை அலசலின் துணையோடு உருவான பிரிட்டனின் தேசியத் தாவர வகைப்பாட்டில் டபிள்யூ18 என்பது பைனும் ஹைலோகோமியம் பாசியும் சேர்ந்த காடு. 1991இல் வெளியான தொகுதி அதை ஐந்து துணைச் சமூகங்களாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்றின் பெயரில் இடம்பெறும் குட்யேரா ரெப்பென்ஸ் என்ற சிறு ஆர்க்கிட், கிழக்கு இங்கிலாந்தின் நட்ட பைன் தோட்டங்களிலும் குடியேறியிருக்கிறது. ஒற்றை இனத்தைச் சான்றாக வைத்துப் பழங்காடு என்று தீர்ப்பெழுதுவோர் இதைக் கொஞ்சம் நினைக்கட்டும்.

எந்தத் தரைமுறையும் கைவிடும் கட்டம் ஒன்று உண்டு. இளம் தோட்டத்தின் விதானம் மூடிக்கொண்டதும் கீழே ஊசிச் சருகும் சில பாசிகளும் மட்டுமே மிஞ்சும். அப்போது எடுத்த பட்டியலுக்குச் சமூகப் பெயர் வைப்பது வீண். மரங்களைக் கலைத்துவிட்ட பிறகு ஒளி விழுந்து செடிகள் திரும்பும்வரை பொறுக்க வேண்டும்; அதுவரை முதல் வழியே கைகொடுக்கும்.

ஆகவே இயற்கைப் பாதுகாப்புக்கான கணக்கெடுப்புக்கு நான் எடுப்பது மூன்றாவதை, அடிப்படைச் சமூகம் என்ற வசதியோடு. நட்டதா முளைத்ததா, வயது என்ன, முன்பு வயலா என்பவை அட்டவணையின் தனி நெடுவரிசைகளில் போகட்டும். பெயருக்குள் நுழைய வேண்டாம். பட்டியலைத் தொகுக்கக் கணினி உதவட்டும். மரமகசூல் கேட்பவருக்குக் கயாண்டர் போதும்.

பிறப்பைப் பெயருக்குள் நுழைக்கக் கூடாது என்பதற்கு மத்திய ஐரோப்பாவின் லைக்கன் பைன் காடுகளே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிட நெறிமுறை அவற்றை 91T0 என்ற எண்ணில் பாதுகாக்கிறது. அவற்றில் பல நிலைத்திருந்ததே, உழவர்கள் தொழுவத்துக்காகச் சருகை வாரி எடுத்து மண்ணை ஏழையாகவே வைத்திருந்ததால்தான். அந்த வழக்கம் நின்று, காற்றுவழி நைட்ரஜனும் சேரவே, லைக்கன்மேல் பாசியும் பில்பெர்ரியும் ஏறுகின்றன. மேலே ஒரு மரம்கூட மாறாமல் கிளடோனியோ-பைனீட்டம் லியூகோபிரியோ-பைனீட்டமாகிவிடுகிறது; பதிவேட்டைப் பார்த்து வரைந்த வரைபடத்தில் அதன் சுவடே இருக்காது.