கோ லான் போறீங்களா? ஸ்கூட்டருக்கு பாஸ்போர்ட்டை அடகு வைக்காதீங்க

பாங்காக்கில் படிக்கிற நம்ம பசங்க யாராவது இந்த வாரக் கடைசியில் பட்டாயா பக்கம் கிளம்பி, அங்கிருந்து கோ லான் தீவுக்குப் போய் ஸ்கூட்டர் எடுத்துச் சுற்றலாம் என்று நினைத்திருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான், வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். 3,500 பாட் போய்விட்டது. எனக்கு அது மூன்று வாரச் சாப்பாட்டுக் காசு.

தீவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை விடிவதற்குள் எக்கமாய் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பட்டாயா பஸ் பிடித்தோம், நானும் அறைத்தோழனும். பாலி ஹாய் படகுத்துறையில் ஆளுக்கு 30 பாட் டிக்கெட், முக்கால் மணி நேரத்தில் தீவு. தாய்லாந்து மொழியில் 'கோ' என்றால் தீவு, 'லான்' என்றால் பத்து லட்சம். பெயரைக் கேட்டபோதே உஷாராகியிருக்கணும்.

நாபான் துறையில் இறங்கினால் அந்தச் சந்து முழுக்க வாடகை ஸ்கூட்டர்தான். ஒரு கடையில் எங்கள் வயசுப் பையன் ஒருவன் சிரித்த முகமாகக் கூப்பிட்டான். நாள் வாடகை 300 பாட், பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைக்கணும். பணமாக டெபாசிட் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தேன். "நோ பாஸ்போர்ட், நோ பைக்." இழுப்பறையைத் திறந்தான், உள்ளே சிவப்பும் பச்சையுமாக ஏகப்பட்ட பாஸ்போர்ட்கள். இத்தனை பேர் கொடுத்திருக்கிறார்களே, நமக்கு மட்டும் என்ன வந்தது என்று என்னுடையதையும் நீட்டினேன். ரப்பர் பேண்டு போட்டு உள்ளே தள்ளினான். முழுக்கத் தாய்லாந்து மொழியில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினான். அதில் ஸ்கூட்டர் படம் ஒன்று வரைந்திருந்தது, கீறல் இருந்தால் குறிக்கத்தான் போல. ஒன்றும் குறிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்சூரன்ஸ் உண்டா என்றதற்கு "யெஸ், யெஸ்" என்றான். அப்புறம் அவனே என் போனை வாங்கி, எங்கள் இரண்டு பேரையும் ஸ்கூட்டர் மேல் உட்கார வைத்துப் படமும் எடுத்துக் கொடுத்தான். இந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. சமே கடற்கரை, தியென் கடற்கரை, மேட்டில் ஏறி நின்று பார்த்தால் நாலு பக்கமும் கடல். ஏற்றம் இறக்கம் செங்குத்தாக இருக்கிறது என்று வண்டியைப் பதமாகவே ஓட்டினோம். எங்கும் விழவில்லை, உரசவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது 5.20. பட்டாயாவுக்குக் கடைசிப் படகு 6 மணிக்கு. காலையில் பார்த்த பையன் இல்லை, கையில் டார்ச்சோடு வேறொரு ஆள் வந்தார். வண்டியைச் சுற்றி வரவில்லை, தேடவே இல்லை. நேராக இடது பக்கம் குனிந்து, கால் வைக்கும் இடத்துக்கு அடியில் டார்ச்சை அடித்தார். மூன்று விரல் நீளத்துக்கு ஒரு கீறல். உள்ளே மண் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. அன்றைக்கு விழுந்த கீறலில் அவ்வளவு அழுக்கு எப்படி ஏறும்?

பிளாஸ்டிக் உறை போட்ட விலை அட்டை ஒன்றை எடுத்தார். 8,000 பாட். நம்ம ஊர்க் காசில் 20,000 ரூபாய்க்கு மேல். தோழன் மதுரைக்காரன், சும்மா விடுவானா, குரலை உயர்த்திச் சண்டைக்கே போய்விட்டான். அந்த ஆள் பதிலுக்குக் கத்தவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "லாஸ்ட் போட், சிக்ஸ்" என்றார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது, விஷயம் கீறலே இல்லை. பாஸ்போர்ட் அவர் இழுப்பறையில், படகு துறையில், இரண்டுக்கும் நடுவில் நாங்கள். "மச்சான், தங்கிடலாம்டா, காலையில பேசிக்கலாம்" என்றான் தோழன். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு லேபில் வேலை இருந்தது. 8,000 என்பது 5,000 ஆகி 3,500-ல் நின்றது. கையில் அவ்வளவு இல்லாமல் தோழனின் ஊர் கார்டைப் போட்டு எடுத்தோம், அதற்கு ஏடிஎம் தனியாக 220 பாட் பிடித்துக்கொண்டது. ரசீது கேட்டதற்குக் கையை விரித்தார். பாஸ்போர்ட்டை வாங்கி விசா பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடினோம்.

படகில் உட்கார்ந்துதான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் காலுக்குப் பக்கத்தில் அதே கீறல், பளிச்சென்று. அவர்கள் ஆளே எடுத்த படம்! மறுநாள் விடுதி வாசலில் இருக்கும் மெக்கானிக்கிடம் காட்டினேன், 600 பாட்டுக்கு முடித்துத் தருகிறேன் என்றார்.

போலீஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம், அப்போது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்பது வேறு கதை. என்னிடம் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் இல்லை, ஊர் லைசென்ஸ் மட்டும்தான். அது என் தப்பு, மறைக்கவில்லை. நம்மைப் போன்ற ஆட்களில் பாதிப் பேரிடம் அது இருக்காது என்பது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆர்டிஓவில் எடுத்துவிடுங்கள், ஒரு வருடம் செல்லும், இரு சக்கர வாகனம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த "யெஸ், யெஸ்" இன்சூரன்ஸும் பெரும்பாலும் இங்கே எல்லா வண்டிக்கும் கட்டாயமான போ ரோ போதான். அது ஆளுக்கு அடிபட்டால் மட்டும், வண்டிக் கீறலுக்குச் சல்லிக் காசு வராது.

தீவில் சோங்தேவும் (பின்னால் இரண்டு வரிசை பெஞ்சு போட்ட ஷேர் வண்டி) மோட்டார் சைக்கிள் டாக்சியும் ஓடுகின்றன, சில பத்து பாட் கொடுத்தால் எந்தக் கடற்கரைக்கும் போய்விடலாம். ஸ்கூட்டர்தான் வேண்டும் என்றால் பாஸ்போர்ட் நகலும் பண டெபாசிட்டும் வாங்கிக்கொள்கிற கடை கிடைக்கும்வரை நடங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது, அதை அடகு வைக்க நாம் யார்? எடுக்கும்போது கடைக்காரர் முகமும் தெரிகிற மாதிரி வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், குனிந்து அடிப்பக்கத்தையும் எடுங்கள். முக்கியமாக மூன்று மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு படகு பாக்கி இருக்கும்போது அவர் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்தால், நீங்களும் பக்கத்தில் ஒன்றைப் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம்.