டிக்கியில் ஒரு மருந்து தெளிப்பான்

சிட்னியின் பேர் தீவில் கரையிலிருந்தே இறங்கி ஸ்கூபா டைவ் அடிப்பவர்களுக்குத் தெரியும், ஏறி வந்ததும் தொடங்குகிறது அடுத்த வேலை. பாரமட்டா பக்கம் வீடு போய்ச் சேர எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வெட்சூட் ஜிப்பில் உப்பு பூத்துவிடும், பிசிடியில், அதாவது காற்றடித்து மிதக்க உதவும் ஜாக்கெட்டில், காற்றடிக்கும் பட்டன் இறுகி ஒட்டிக்கொள்ளும்.

கரையிலேயே நல்ல தண்ணீரில் உப்பை அலசிவிடத்தான் எட்டு லிட்டர் கைப்பம்ப் தெளிப்பான் வாங்கினேன். ஊரில் வயலுக்கு மருந்தடிப்பார்களே, அதேதான். ஆனால் புதிதாக வாங்குங்கள், பூச்சிமருந்து அடித்த பழையது வேண்டவே வேண்டாம், அலசப்போவது வாயில் வைக்கிற சாமான். காலையிலேயே தண்ணீர் நிரப்பி டிக்கியில் போட்டால் திரும்பும்போது வெதுவெதுப்பாக இருக்கும், குளிரில் நடுங்கி வந்தவனுக்கு அதைத் தலையில் அடித்துக்கொள்வது தனி சுகம்.

சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டருக்கு, சிலிண்டரில் மாட்டும் முனையின் மூடியான டஸ்ட் கேப்பைத் துடைத்து மூடிய பிறகே தண்ணீர். வாயில் வைக்கும் பகுதியில் காற்றைப் பீய்ச்ச இருக்கும் பர்ஜ் பட்டனை அமுக்காதீர்கள், தண்ணீர் காற்றுக்குழாய் வழியாக முதல் ஸ்டேஜுக்குள், அதாவது சிலிண்டரில் மாட்டும் பகுதிக்குள் போய்விடும். நான் ஒருமுறை அமுக்கிவிட்டு சர்வீஸுக்குக் காசு அழுதேன்.

குறை என்றால், பம்ப் அடித்துக் கை வலிக்கும், மூன்றாவது மாதமே கைப்பிடியில் ஒழுகியது, வாஷர் மாற்றினேன். அப்புறம், இது முதல் அலசல் மட்டும்தான். வீட்டில் தொட்டியில் ஊறவைப்பதும், பிசிடிக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுவதும் தப்பாது. விலைக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகத் தரலாம்.