ரொறன்ரோவில் வாடகை உதவி: புதிதாக வந்தவர்கள் எதற்கு முதலில் விண்ணப்பிப்பது?

ரொறன்ரோவுக்கு வந்து ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியேறும் குடும்பத்துக்கு, வாடகையைத் தாங்க மூன்று வழிகள் முக்கியமானவை: வருமானத்துக்கேற்ற வாடகை வீடு, கனடா-ஒன்ராறியோ வீட்டு உதவிக் கொடுப்பனவு, வெல்ஃபெயர் என்று நம்மவர்கள் சொல்லும் ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற அரச உதவிப் பணம். இவற்றில் ஒன்றை ஏற்றால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க நேரிடலாம் என்பதைப் பலர் கையெழுத்திடும் நாளில்தான் அறிகிறார்கள்.

வருமானத்துக்கேற்ற வாடகை வீட்டில், குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதமே வாடகை. வேலை போய் வருமானம் குறைந்தால் வாடகையும் குறையும். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள் மட்டுமன்றி, அதற்கு விண்ணப்பித்திருப்பவர்களும் அகதி அந்தஸ்துக் கோரியிருப்பவர்களும் மாநகரத்தின் இணையவழிக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் பதியலாம். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. மற்றவர்கள் பத்தாண்டுக்கும் மேல் காத்திருப்பது சாதாரணம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீடு மாறியபோது முகவரியைப் புதுப்பிக்கவில்லை. விவரங்களை உறுதிப்படுத்தக் கேட்ட கடிதம் பழைய பேஸ்மென்டுக்கே போனதால், அவர்களின் கோப்பு மூடப்பட்டது. ஆண்டுதோறும் விவரங்களைப் புதுப்பிப்பது விண்ணப்பித்ததைப் போலவே முக்கியம்.

2020 ஏப்ரலில் தொடங்கிய வீட்டு உதவிக் கொடுப்பனவு, வீட்டுக்கல்ல, குடும்பத்துக்குத் தரப்படும் பணம். வீடு மாறினாலும் கூடவே வரும். பொதுவாக, அந்தப் பகுதியின் சராசரி வாடகையில் 80 சதவீதத்திலிருந்து உங்கள் வருமானத்தின் 30 சதவீதத்தைக் கழித்து இது கணக்கிடப்படுகிறது. உதாரணமாக, சராசரி வாடகை 2,000 டொலர், மாத வருமானம் 3,000 டொலர் என்று வைத்துக்கொண்டால், 1,600இலிருந்து 900 போக 700 டொலர் வரும். நீங்கள் கொடுக்கும் வாடகை 2,400 ஆக இருந்தாலும் இந்தத் தொகை அதிகரிக்காது. இதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. தகுதியானவர்களை மாநகர நிர்வாகமே தெரிவுசெய்து பரிந்துரைக்கும். இதை ஏற்பவர் காத்திருப்புப் பட்டியலிலிருந்து தம் பெயரை நீக்கச் சம்மதிக்க வேண்டும், ஆண்டுதோறும் வருமான வரிப் படிவமும் தாக்கல் செய்ய வேண்டும்.

மூன்றில் விரைவாகக் கிடைப்பது வெல்ஃபெயர்தான். ஆனால் தனி ஒருவருக்கு வாடகைக்கென அது தருவது அதிகபட்சம் 390 டொலர். 2018க்குப் பிறகு உயர்த்தப்படாத இந்தத் தொகைக்கு ரொறன்ரோவில் ஒரு தனி அறை கிடைப்பதே கடினம். குடும்ப ஸ்பொன்சரில் வந்தவர்கள் இதைப் பெற்றால், அப்பணத்தைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு ஸ்பொன்சர் செய்தவர் மீது விழும். ஸ்பொன்சரில் வந்தவர்கள் பெற்றோராக இருந்தால் அந்தப் பொறுப்புக் காலம் 20 ஆண்டுகள்.

என் கருத்தில், தகுதியுள்ள எவரும் வந்திறங்கிய முதல் மாதமே பட்டியலில் பெயர் பதிந்துவிட வேண்டும், வருமானமே இல்லாவிட்டாலும் வரிப் படிவத்தைத் தவறவிடக் கூடாது. வேலைசெய்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்குக் கொடுப்பனவு வாய்த்தால், பட்டியலிடத்தை விட்டாவது அதை ஏற்பதே நல்லது; பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் வீடு இன்றைய வாடகையைக் கட்டாது. ஆனால் பட்டியலில் பல ஆண்டுகள் கடந்து முன்னேறிவிட்ட முதியவர், தமது இடம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று கேட்டறிந்த பின்பே கையெழுத்திட வேண்டும்.